ஆறு நிமிடம் குறைந்த கசெட்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. கடல் இரைச்சல் கடைக்குள்ளேயே கேட்கிறது. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. திருத்தக் கொடுத்த டிவி நாலு காத்திருக்கிறது. ஒன்றையும் தொடவில்லை.

தொட்டதெல்லாம் 'மூணு நிலாப் படம்'. அசல் பெயர் வாயில் நுழையாததால் அக்காவின் (எங்கள் வழக்கில் ராத்தா) கணவரான மச்சானின் வீடியோக் கடையில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

மூன்று பிரதியும் மேசையில்.

டிவிடி: பச்சை அடிக்கிறது. ஓரங்கள் வெட்டு, மூன்றாவது நிலா பாதிதான்.

புளூரே: இயக்குநரே திருத்தியதாம். 104 நிமி. படம் பளிச். ஆனால் முகங்களைத் துடைத்துத் துடைத்து மெழுகாக்கி வைத்திருக்கிறார்கள். பின்னணிச் சத்தம் புதிது. பிடிக்கவில்லை.

கசெட்: மச்சான் கடையில் எடுத்தது. 94 நிமி. டிவிக்காகக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவதில் நாலு நிமிடம் குறையும், சரி. மிச்சம் ஆறு?

அந்த ஆறில்தான் என் பெருமை முழுக்க. வேற்றுக் கிரகம், கடலோரக் குடியேற்றம். மூன்று நிலாவும் ஒரே கோட்டில் வரும்போது கடல் பின்வாங்குகிறது. ஒரு சிறுமி சிப்பி பொறுக்கக் குனிகிறாள். டிஸ்க் இரண்டிலும் அடுத்து அலை, ஓட்டம், கடைசியில் கோபுர உச்சியில் பிள்ளை உயிரோடு. கசெட்டில் அலையே இல்லை. குனிகிறாள். உடனே விண்கலம் புறப்படுகிறது. அவள் பிறகு வருவதே இல்லை.

போன மாதம் இணையக் குழுவில் பெரிதாக எழுதினேன். எங்கும் பதிவாகாத வெட்டு. பார்ப்பவனை நம்பும் துணிச்சல். பிள்ளை பிழைப்பதெல்லாம் கொம்பனிக்காரன் ஒட்டிய மிட்டாய். இப்படி.

டொரோண்டோவில் இருக்கும் சிவாவின் குரல் பதிவு (யாழ்ப்பாணத்து ஆள், குழுவில் பழக்கம்): "அண்ணை, இஞ்ச புதுசா டிஸ்க் விடுற ஆக்களிட்ட உங்கட கொப்பியப் பற்றிச் சொல்லிப்போட்டன். சேர்த்துப் போடுவினமாம், உங்கட பேரோட. சனிக்கிழமைக்கு முன்னம் அனுப்புங்கோ."

என் பேரோட. நாலு தரம் கேட்டேன்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டுவிட்டு. கசெட்டைக் கணினிக்கு மாற்றினேன். ஹெட் துடைத்து, பிஞ்ச் ரோலர் மாற்றி, மூன்றாம் முயற்சியில் சுத்தமாக ஏறியது.

வெட்டு விழும் இடத்தில் எப்போதும் ஒரு வானவில் பட்டை, ஒரு மினுக்கம். ஆய்வுகூட ஒட்டு என்று நினைத்திருந்தேன். இன்று பிரேம் பிரேமாக நகர்த்தினேன்.

சிறுமி குனிகிறாள். பட்டை. அடுத்த மூன்று பிரேம்: நீலப் பிளாஸ்டிக் கதிரைகள், டியூப் லைட், தொப்பி போட்ட ஆட்கள் கூடிச் சாப்பிடும் ஒரு சஹன் தட்டைச் சுற்றி. ஒருவர் கை சோற்றில். அடுத்தது விண்கலம்.

விண்வெளிக்கு நடுவில் கலியாணச் சோறு. முதலில் சிரித்தேன். பிறகு உறைத்தது. பழைய கலியாணக் கசெட்டின் மேல் யாரோ இரண்டு டெக்கை இணைத்துப் பதிந்திருக்கிறார்கள். பதிவை நிறுத்தி, மறுபடி தொடங்கிய இடைவெளியில் பழையது தெரிகிறது. முப்பது வருடமாக டெக் திருத்துகிறவன் நான். அந்தப் பட்டையை எந்தப் பையனும் சொல்லியிருப்பான். வெட்கம்.

வெட்டியது இயக்குநர் இல்லை. இந்த ஊர் ஆள்.

கசெட் மச்சான் கடையுடையது. நாளை போய்க் கேட்க வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

மருதமுனைக்குப் போனேன். மச்சானின் கடையில் இப்போது போன் ரீலோட், போட்டோக் கொப்பி. ஆள் மெலிந்திருக்கிறார். சஹன் பிரேமைப் போனில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"ஓம். நான்தான்."

ஏன் என்று கேட்டேன். மடையன், கேட்டேன்.

"சுனாமிக்குப் பொறகு கடையத் திறந்தம்தானே. டிவி இஞ்ச கவுண்டர்ல ஓடும், உன்ட ராத்தா உள்ளுக்க இரிப்பா. ஊருல எந்த வீட்ட பாத்தாலும் ஒரு மவுத்து. தண்ணி வாற இடமெல்லாம் வெட்டித்தான் குடுத்த. பாட்டுல வாற கடலையும் விடல்ல."

எத்தனை படம்?

"இருந்த எல்லாம். பொறகு எல்லாத்தையும் எறிஞ்சிட்டன். இது மட்டும்தான் மிச்சம், நீ கொண்டு போய்த் திருப்பித் தரல்ல." கொஞ்சம் சிரித்தார். "ராத்தாக்கிட்டச் சொல்லிராத தம்பி. அவக்குத் தெரியா."

ஷிஃபாவுக்கு அப்போது ஏழு வயது. என் ராத்தாவின் ஒரே பிள்ளை. அலை கொண்டுபோனது. அவள் மாமாவான நான், கடற்கரையில் குனியும் பிள்ளை திரும்பி வராத பிரதிதான் உசத்தி என்று உலகத்துக்கு எழுதியிருக்கிறேன். துணிச்சலாம்.

என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்ஆத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. குத்பாப் பிரசங்கம் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சிவா: "என்னண்ணை, சத்தத்தக் காணேல்ல?" போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அனுப்பினால்: என் பேர் டிஸ்க்கில். மச்சான் பொத்தி வைத்தது ஊர் உலகத்துக்கெல்லாம் பின்னிணைப்பு. அனுப்பாவிட்டால்: நான் பொய்யன். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எழுதியும் அடங்கவில்லை. கடற்கரைக்கு நடந்தேன், பாதியில் திரும்பினேன். திருத்தக் கொடுத்த காசிம் காக்கா வழியில் மறித்தார், "டிவி சரியா?" நாளைக்கு என்றேன். அதுவும் பொய்.

நவம்பர் 8, சனி

மழை இல்லை. பத்து மணிக்கு ராத்தா கடைக்கு வந்தா, மிக்சி ஜாரோடு. திரையில் மூன்று நிலா நின்றுகொண்டிருந்தது. அணைக்க ரிமோட்டைத் தேடினேன்.

"இரிக்கட்டும்" என்றா. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. "இதத்தானே அவர் வெட்டின."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"முழுக் கசெட்டு அலுமாரிக்கு மேல இருந்த. அவர் பள்ளிக்குத் தொழப் போன நேரம் போட்டுப் பாத்தன். ஒருக்கா இல்ல, எத்தின தரமோ. அந்தப் புள்ள ஏறிருமே தம்பி, கோபுரத்துல. தலமயிரெல்லாம் நனஞ்சி போய் நிக்கும். அந்த இடத்துக்காகத்தான் போட்ட. பொறகு அதையும் எறிஞ்சிட்டார்."

மச்சானுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியா. கடல் பின்னால போனவுடனே அவர் பதியிறத நிப்பாட்டி, கண்ண மூடிட்டுப் படத்த ஓட விடுவார், ரொக்கட்டுச் சத்தம் கேக்கிற வரைக்கும். நான் கதவடியில நிண்டு பாத்த. அந்தப் புள்ள மவுத்தெண்டுதான் இண்டைக்கும் நினச்சிட்டு இரிக்கார்."

ஏன் சொல்லவில்லை?

"நான் பாத்தது தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார் எண்டு இருந்திட்டன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தா. அழுதாவா தெரியாது, நான் பார்க்கவில்லை. எழும்பும்போது, "ஜாரப் பாரு, ஒழுகுது. அந்தப் படத்தையும் அவருக்கு ஒருக்காப் போடு. நானும் வாறன்."

ஜாருக்கு வாஷர் மாற்றினேன். காசிம் காக்காவின் டிவியும் முடிந்தது.

சிவாவுக்கு: அது எண்ட மச்சான் வெட்டின படம், இயக்குநர் இல்ல. நான் எழுதினது பிழை. குழுவுலயும் சொல்றன். கசெட் வராது.

அசர் தொழுகைக்குப் பிறகு மச்சானுக்கு போன்.

"நாளைக்குக் கடையக் கொஞ்சம் பூட்டிட்டு வாங்க மச்சான். ஒரு படம் போடுறன். ராத்தாவும் வாறா."

எந்தப் படம் என்று கேட்கவில்லை. போட்டோக் கொப்பி மெஷின் ஓடும் சத்தம். அது நின்றது.

"அந்தத் துண்டும் இரிக்கா அதுல?"

"ஓம்."

"அவ அதப் பாப்பாவா?"

"அவதான் உங்களக் கூட்டி வரச் சொன்ன."