ஆம்பூருக்கு மேலே பறந்த மத்தியானம்

பெரியமேடு, சென்னை
9-12-1935

அன்பு மிகுந்த அக்கா ஜஹீருன்னிசாவுக்கு, தம்பி கவுஸ் பாஷா சலாமுடன் எழுதுவது. இங்கே நான் சுகம். மச்சானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ கேட்கிறேன்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அம்மாவுக்கு முடியவில்லை என்ற தந்தியைத் தபாலாபீசில் தாமதமாகக் கொடுத்ததாகச் சொல்லி, கோவிந்தசாமியை மச்சான் தோல் ஷெட் வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை மச்சானுக்கும் படித்துக் காட்டு.

தந்தி தாமதமாக வரவில்லை, அக்கா. காலை ஏழு மணிக்கே என் கைக்கு வந்துவிட்டது. எட்டு மணிப் பாசஞ்சரில் ஏறியிருந்தால் இரண்டு மணிக்குள் வீட்டில் இருந்திருப்பேன்.

அன்று எங்கள் மண்டி முதலாளி தோல் விலை பேச ஆகாய விமானத்தில் பெங்களூர் போவதாக இருந்தார். முந்தின நாளே, "இன்னா பாஷா, சாம்பிள் எடுத்துக்கினு நீயும் வர்றியா?" என்று கேட்டிருந்தார். மண்டியில் வேறு யாரையும் கேட்கவில்லை. தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நூற்றெண்பது மைல், இரண்டே மணி நேரம். ஒன்பதுக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குப் பெங்களூர். அங்கிருந்து மத்தியான ரயிலில் ஐந்து மணிக்கு ஆம்பூர். மூன்று மணி நேரம்தானே ஜாஸ்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலாளியிடம் தந்தியைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவரே என்னை ரயிலேற்றி விட்டிருப்பார்.

மீனம்பாக்கத்தில் மேகம் கலையவில்லை. இதோ, இதோ என்று மத்தியானம் ஒரு மணியாகிவிட்டது. அப்போதாவது எழுந்து போயிருக்கலாம்.

மேலே ஏறியதும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். வேலூர்க் கோட்டையைப் பார்த்தேன். அப்புறம் பாலாற்று மணல், ஷெட்டுகளின் கூரை, காயப்போட்ட தோல்கள், நம் பள்ளிவாசல் மினாரா. மணி இரண்டேகால். இறக்கிவிடு என்று யாரைக் கேட்பது?

அடக்கம் முடிந்து நான் வந்து சேர்ந்த அன்று நீ சொன்னாய். ரெண்டு மணிக்கு மேல் அம்மா கண் திறந்து, "பாஷா வந்துட்டானா?" என்று கேட்டார்கள், வானத்தில் பெரிதாய் இரைச்சல் கேட்டதும், "இன்னா சத்தம் அது?" என்றார்கள் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து நீ என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். அந்த இரைச்சலுக்குள் நான்தான் உட்கார்ந்திருந்தேன், அக்கா.

பெங்களூரில் மத்தியான ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலைப் பிடித்து மறுநாள் வந்து இறங்கியபோது அம்மாவின் கபுரில் மண் ஈரமாக இருந்தது. ஏன் தாமதம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தந்தியே தாமதமாகத்தான் வந்தது என்று வாயில் வந்துவிட்டது. முந்தாநாள் சாயங்காலமே கொடுத்துவிட்டேன் என்று கோவிந்தசாமி சத்தியம் பண்ணியபோது நானும் அங்கேதான் நின்றேன்.

அவரை மச்சான் இன்றைக்கே கூப்பிட்டு வேலையில் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். முதலில் அவர் வீட்டுக்குப் போய், அவர் பெண்டாட்டி பிள்ளைகள் எதிரில் நடந்ததைச் சொல்வேன். பிறகு நம் வாசலில் வந்து நிற்பேன். உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

அம்மாவுக்காக நீ ஓதும்போது எனக்காகவும் ஒரு வார்த்தை கேள். எனக்குக் கை ஏந்த வரவில்லை.

உன் தம்பி,
கவுஸ் பாஷா