நீ அனுப்பிய கண்டென்சர்

சேசு மரி சூசை துணை

பொம்மிடி,
14-10-1973

அன்புள்ள மகன் சவரிக்கு உன் சின்னம்மா ராஜமேரி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் வியாகுலம் அத்தையும் சுகமாக இருக்கிறோம், ஜபல்பூரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே புரட்டாசி மழை தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது, மேட்டு நிலத்தில் ராகி கதிர் வாங்கிவிட்டது, பள்ளிக்கூடத்துக் கூரை மட்டும் வழக்கம்போல ஒழுகுகிறது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நாலாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறேன். அத்தைக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது, காதுதான் இன்னும் மந்தமாகிவிட்டது. கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டதில் ஒன்று எந்நேரமும் கத்திக்கொண்டே இருக்கிறது என்று அதற்கு உன் பெயரை வைத்திருக்கிறாள், கேட்டால் அந்தச் சவரிதான் வாயைத் திறக்க மாட்டேங்கறான் இந்தச் சவரியாவது பேசட்டும் என்கிறாள்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. அப்பா போனதிலிருந்து நீ எழுதிய எந்தக் கடிதத்திலும் அவரைப் பற்றி ஒரு வரி இருந்ததில்லை, நானும் கிளறவில்லை. இந்த முறை நீயே கேட்டுவிட்டாய். "நான் அனுப்பிய கண்டென்சர்தானா அவரைக் கொன்றது, வோல்டேஜ் குறைந்த சரக்கைத் தெரியாமல் வாங்கி அனுப்பிவிட்டேனா, அது வெடித்ததா" என்று. லீவு கொடுத்தும் ஊருக்கு வராமல் பட்டாளத்துக் கொட்டகையிலேயே நீ கிடப்பது எதனால் என்று அந்த ஒரு வரியில் எனக்குப் புரிந்துபோயிற்று. கோயில் மைக் செட்டின் ஆம்ப்ளிபயரை யாரும் தொட வேண்டாம், உடைத்துப் போட்டுவிடுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். நான் உடைக்கவில்லை சவரி, திறந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், ஒன்றையும் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

அந்தப் பெட்டி அன்றைக்கு அவர் கையிலிருந்தபடியே அவருடைய மேசையில்தான் இத்தனை நாளும் இருந்தது. கோயிலுக்குச் சொந்தமானது என்றாலும் வந்து எடுத்துப் போக ஆளில்லை, ஊரில் அதற்குச் சாவுப்பெட்டி என்றே பெயராகிவிட்டது. நான் ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்திருந்தேன். பேய் பிசாசு என்று நம்புகிறவள் இல்லை நான், உனக்குத் தெரியும், ஆனால் அந்த அறையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவேன். ஈர நாட்களில் ஈயம் பற்றவைத்த வாசனை அங்கிருந்து கிளம்பி அடுப்படி வரை வரும். யாரும் எதையும் பற்றவைக்காத வீட்டில் அந்த வாசனை எப்படி வரும் என்று யோசிப்பேன், மரத்தில் ஊறியது ஈரத்தில் விடுகிறது என்று எனக்கே பதில் சொல்லிக்கொள்வேன், ஆனாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். அத்தை அப்படி இல்லை. வாசனை வந்தால் அறை வாசலில் போய் நின்று, சாப்ட்டியா கஸ்பாரு என்று அப்பாவைக் கேட்டுவிட்டு வருவாள். முதலில் எனக்கு உடம்பு சிலிர்க்கும், பிறகு அதுவும் பழகிவிட்டது.

அவள் அப்படி நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்லறைத் திருநாளில் செத்தவர்கள் பெயரை வாசித்து, தீர்த்தம் தெளித்துக் குழிகளை மந்திரிப்பார்கள் அல்லவா, மைக் இல்லாததால் இரண்டு வருஷமாகச் சாமியார் வெறும் தொண்டையில்தான் வாசிக்கிறார். கூட்டம் கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தாண்டி நிற்கிறது, முன்னால் நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். அத்தை அப்பாவின் குழியை விட்டு நகர மாட்டாள், அது மூலையில் இருக்கிறது. இரண்டு தடவையும் கஸ்பார் என்ற பெயர் வாசிக்கப்பட்டதை நான் என் காதால் கேட்டேன், அவள் கேட்கவில்லை. வாசிக்கவே இல்லை என்று சாதிக்கிறாள். உன் கடிதம் வந்த மறுநாள் கோயில் உபதேசியார் சவுரியப்பன் வீட்டுக்கு வந்து, நான்தாங்க பட்டியல எழுதிக் குடுத்தேன், சாமி படிச்சாருங்க என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அத்தை அவரை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்.

"நீ எழுதுவ, அவரு படிப்பாரு, எங்காதுல வுழலியே. பேரு படிக்காத ஆத்துமா எங்கய்யா போவும்? வூட்லதான் நிக்கும். நிக்குதே, வந்து பாரு."

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு வேகமாக வெளியே போனார். இந்தத் திருநாளுக்காவது மைக் பேசினால் அத்தை காதில் அவர் பெயர் விழும் என்று, அன்று மத்தியானம் நான் சேலையை எடுத்துவிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன்.

எனக்கு இந்த வேலை எவ்வளவு தெரியும் என்று நீ யோசிப்பாய். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, அவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருடைய ரேடியோ புத்தகங்களை நான்தான் படித்துச் சொல்வேன், அவர் கேட்டுக்கொண்டே கையை ஓட்டுவார். சொன்னவளுக்கும் கொஞ்சம் ஒட்டாமல் போகுமா. உள்ளே எல்லாம் அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது. பவர் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் கரண்டைச் சேர்த்துவைக்கிற இரண்டு கண்டென்சர். ஒன்று நீ அனுப்பியது, முப்பத்திரண்டு மைக்ரோ பாரட், நானூற்றைம்பது வோல்ட், அதன் கால்களில் ஈயம் பளபளப்பாக இருந்தது. மற்றது பழையது, அடியில் வெள்ளையாகப் பொடி பூத்து, ஒரு கால் மட்டும் வெட்டப்பட்டு நின்றது. பெரிய கண்ணாடி வால்வுகளைப் பிடுங்கித் துணிமேல் வரிசையாக வைத்திருந்தார். புதுக் கண்டென்சர் போட்டால் அந்தப் பெரிய வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு அதற்கு மட்டும் கரண்ட் கொடுத்து மீட்டரில் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்திருக்கிறார், சரியாக இருந்திருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடுத்ததைக் கழற்றக் கையை விட்டிருக்கிறார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

அவருடைய மீட்டரை வைத்தே நீ அனுப்பியதைச் சோதித்தேன். வெடிக்கவில்லை, வீங்கவில்லை, ஒழுகவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன், கோபப்படாதே, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் செய்தேன். அவர் செய்தது போலவே பெரிய வால்வுகள் இல்லாமல் கரண்ட் கொடுத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். மீட்டரை உன் கண்டென்சர்மேல் வைத்தேன், முள் நானூறைத் தாண்டி நின்றது. எடுத்துவிட்டுப் போய் அடுப்பில் உலை வைத்து, அரிசி போட்டு, சோறு வடித்துவிட்டு வந்து மறுபடி வைத்தேன். முள் இன்னும் பாதிக்கு மேலே நின்றது. கரண்ட் வருகிற கம்பி தரையில் கிடக்கிறது, பெட்டி செத்துக் கிடக்கிறது, அது மட்டும் பிடித்ததை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கடைசியில் ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்தேன், சட்டென்று ஒரு வெடிப்பு, நீலமாகப் பொறி பறந்தது. அறை வாசலில் நின்றிருந்த அத்தைக்கே அது கேட்டது.

பழைய கண்டென்சர்கள் வருஷக்கணக்காகக் காய்ந்து போனவை, அதனால்தான் மைக் போட்டாலே பெட்டி அத்தனை இரைந்தது, அதற்குத்தான் புதுசு தேவைப்பட்டது. அவற்றில் கரண்ட் தங்காது. முன்பெல்லாம் கை விடுவதற்கு முன்னால் ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துக் கரண்டைக் கொன்றுவிட்டுத்தான் தொடுவார் அப்பா, இந்தப் பெட்டியில் மட்டும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அதை நானே பார்த்திருக்கிறேன். வெறுங்கையை விட்டால் ஒன்றும் செய்யாத பெட்டி அது. அன்றைக்கு அதில் நல்ல சாமான் ஒன்று வந்துவிட்டது, கை மட்டும் பழைய பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சு முன்பே பலவீனமானது என்று தர்மபுரி டாக்டர் சொன்னதையும் சேர்த்துக்கொள்.

மறுநாள் தர்மபுரி போய்ப் பச்சியப்பன் கடையில், கால் வெட்டுப்பட்ட பழையதற்குப் பதிலாக வேறு கண்டென்சர் வாங்கினேன். முதலில் அவர் எடுத்துக் கொடுத்தது முந்நூற்றைம்பது வோல்ட், நானூறு ஓடுகிற இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். "கோயில் செட்டுதானுங்க டீச்சரம்மா, சாமி பாத்துக்குவாரு" என்றார். சாமி பார்ப்பார், கண்டென்சர் பார்க்காது என்றேன், சிரித்துவிட்டு உள்ளே போய் நானூற்றைம்பது எடுத்து வந்தார். அதிலும் ஒன்று அலமாரியில் பல காலம் கிடந்து அடி உப்பியிருந்தது, திருப்பிக் கொடுத்துப் புதிதாக வந்த சரக்கில் ஒன்றை மீட்டர் வைத்துப் பார்த்தே வாங்கினேன். மைக்ரோ பாரட் பழையதின் அளவேதான், ரெக்டிபயர் வால்வுக்குப் பக்கத்தில் பெரிதாகப் போட்டால் அது தாங்காது என்று அப்பா சொன்னது நினைவிருந்தது. மெழுகு வடிந்த சின்னக் கண்டென்சர்கள் நான்கையும் மாற்றினேன். பிளக்கைப் பிடுங்கியதும் கரண்ட் தானாக வடிந்துபோக ஒரு ரெசிஸ்டன்ஸைக் குறுக்கே போட்டிருக்கிறேன், இனி அந்தப் பெட்டியில் யார் கை விட்டாலும் ஒன்றும் ஆகாது.

நீ அனுப்பியதை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் சண்டை. அத்தை அதைக் கழற்றிக் கிணற்றில் போடச் சொன்னாள். "எந்தம்பிய முழுங்கிட்டு நல்ல புள்ளயாட்டம் ஒக்காந்திருக்குது பாருடி, இதும் வழியாவா அவம் பேரு வரணும்?" என்று அழுதாள். பச்சியப்பனும் நீ அனுப்பியதற்குப் பதிலாகப் போட வேறொன்றைச் சேர்த்துக் கொடுத்திருந்தார், பையில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க இரண்டையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழற்றியிருக்கலாம். கழற்றிவிட்டு, அது ஆரம்பத்திலேயே கெட்டது, உன் தப்பு ஒன்றுமில்லை கடைக்காரன் தப்பு என்று உனக்கு எழுதியிருக்கலாம், நீயும் நம்பியிருப்பாய். ஆனால் சவரி, கெட்டுப்போகாத சாமானை எதற்காகக் கழற்றுவது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன், ஆம், அப்பாவை அடித்தது நீ அனுப்பியதுதான். நீ சரியாகப் பார்த்து, சரியான அளவில், நல்லதாக வாங்கி அனுப்பியதால்தான் அது அத்தனை கரண்டைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு மகன் இதைவிட நல்ல சாமானை அனுப்பியிருக்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நீ சுமக்க வேண்டும், ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு அங்கே கிடக்காதே. அத்தையிடமும் இதையே சொன்னேன், காதோடு வாய் வைத்து இரண்டு தடவை சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்ப நம்ம புள்ள குடுத்ததுதான் இருக்கட்டும் என்று எழுந்து போனாள்.

அதனால் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெட்டியைப் போட்டுப் பார்த்தேன், இரைச்சல் கொஞ்சமும் இல்லை. அந்த நிசப்தம்தான் எனக்கு இன்னும் பழகவில்லை.

குளிர் தொடங்குமுன் கம்பளி பனியனை வெயிலில் போட்டு எடுத்து வை, கான்டீன் ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அத்தை உனக்கு முத்தம் எழுதச் சொன்னாள். தூரத்திலிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன், மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

ஒன்று மட்டும் நினைவில் வை. கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி. டிரான்ஸ்பார்மரோடு அந்தப் பெட்டியைக் கோயிலுக்குத் தூக்கிப் போக இரண்டு ஆள் வேண்டும், ஊரில் ஒருவரும் அதில் கை வைக்க மாட்டேன் என்கிறார்கள். உபதேசியார் ஆள் கிடைத்ததா என்று நேற்றும் கேட்டார். ஒரு ஆள் வீட்டில் இருக்கிறாள், இன்னொரு ஆள் ரயிலில் வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
க. ராஜமேரி