ஏழாவது வளைவுக்கு மேலே

13 ஜூலை 2025, ஞாயிறு

திருவேட்டக்குடியில் காதுகுத்து. இரண்டாவது டம்ளர் பாயசம் வாங்கும்போதே தெரியும், யாராவது ஆரம்பிப்பார்கள் என்று. இன்று என் வீட்டுக்காரர் கதிரவனே ஆரம்பித்துவிட்டார்.

“ஏற்காட்டுக்கு வேன் புடிச்சு பதினாலு பேரு போனோம். ஏழாவது வளைவுல சுகிர்தா எடுத்தா பாருங்க வாந்தி! ஏரியும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. வேனைத் திருப்பிக்கிட்டு வந்துட்டோம்.”

பந்தி முழுக்கச் சிரிப்பு. நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் நடந்தது அது. பத்தொன்பது வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு யார் மலை என்று வாயெடுத்தாலும் ‘சுகிர்தாவுக்கு ஒத்துக்காது’ என்று முடித்துவிடுவார்கள். இவரும் தம்பிமார்களும் மூன்று தடவை மலைக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டில் இருந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

இன்று என்ன வந்ததோ தெரியவில்லை. “நான் ஏறிக் காட்டுறேன். உங்க காரும் வேணாம், வேனும் வேணாம். பஸ்ஸுலயே போயி, ஏரியச் சுத்தி, உச்சி வரைக்கும் நடந்துட்டு வரேன்” என்றேன்.

“ரெண்டாவது வளைவுலயே போன் வரும். நான்தான் காரை எடுத்துக்கிட்டு ஓடி வரணும்” என்றார்.

“வராது.”

14 ஜூலை, திங்கள்

ஏன் அப்படிச் சொன்னேன்? பஸ் மலை ஏறுகிற வீடியோவைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டுகிறது.

19 ஜூலை, சனி

அல்லி வந்தாள். இவருடைய தங்கை, கோட்டுச்சேரியில் டீச்சர். அந்த வேனில் அவளும் இருந்தாள். அப்போது பத்தொன்பது வயது. ஏரியில் படகு ஓட்டுவதற்கென்றே புதுச் சுடிதார் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் மறக்கவில்லை, அவளும் மறந்திருக்க மாட்டாள். கேலி செய்யத்தான் வந்திருக்கிறாள் என்று காபியைக் கொஞ்சம் சூடாகவே கொடுத்தேன்.

“அண்ணி, நானும் வரேன். எனக்கு அந்த ஏரியப் பாத்தே ஆகணும்.”

“நான் வாந்தி எடுத்தா?”

“எடுங்க. எடுத்துட்டு மேல போவோம். கவர்மெண்ட் பஸ்ஸு யாருக்காகவும் திரும்பாது.”

அதுவும் சரிதான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

2 ஆகஸ்ட், சனி

தினமும் காலை ஐந்தரைக்கு வாய்க்கால் கரையில் நடக்கிறேன். ஆறு கிலோமீட்டர், எழுபது நிமிடம். சனி ஞாயிறில் அல்லியும் வருகிறாள். நடை பிரச்சினை இல்லை. ஏற்றத்துக்கு எங்கே போவது? எங்கள் ஊர் குரும்பகரத்தில் தரையில் உருட்டிவிட்ட கோலிகுண்டு அப்படியே நிற்கும். அதனால் மதிய இடைவேளையில் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் மாடிப்படியை இருபது தடவை ஏறி இறங்குகிறேன். பக்கத்து மேசை ஷஃபீனா நேற்று கேட்டாள்: “அக்கா, ஃபைல் எதுவும் காணாமப் போச்சா?”

23 ஆகஸ்ட், சனி

காரைக்கால், கும்பகோணம், திருச்சி, சேலம், ஏற்காடு. நான்கு பஸ். காலண்டருக்குப் பின்னால் எழுதி ஒட்டினேன். இவர் பார்த்துவிட்டு, “இதுக்கு நானே கொண்டுபோய் விட்டுருவேனே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். கோபம் அதிகமாகத்தான் வந்தது.

4 செப்டம்பர், வியாழன்

நாளை மீலாது நபி விடுமுறை. பை தயார். எலுமிச்சம்பழம் நான்கு, பிளாஸ்டிக் பை எட்டு. எட்டுப் பை எதற்கு, சுகிர்தா? உனக்கே நம்பிக்கை இல்லையா?

5 செப்டம்பர், வெள்ளி — ஏற்காடு

ஏறிவிட்டேன். ஏறிவிட்டேன். ஏறிவிட்டேன்.

இருபது வளைவு! ஒரு பை கூடப் பிரிக்கவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். சேலத்தில் மலை பஸ்ஸில் ஏறும்போது என் முகத்தைப் பார்த்தே கண்டக்டருக்குத் தெரிந்துவிட்டது. “வாந்தி வருமாக்கா? முன்னாடி வந்து உக்காருங்க. ஜன்னலத் தெறந்து விடுங்க. தலையக் குனியாதீங்க, ரோட்டையே பாருங்க” என்றார். டிரைவருக்கு இடப்பக்கம் முதல் சீட்டு. ஒவ்வொரு வளைவிலும் சுவரில் எண் எழுதியிருக்கிறது. நான்கு. ஐந்து. ஆறு. அல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வந்தது, போனது. எட்டாவதில் இரண்டு குரங்கு உட்கார்ந்திருந்தது. எட்டாவது வளைவை என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

பன்னிரண்டாவதில் அல்லி கேட்டாள்: “அண்ணி, அன்னைக்கு வேன்ல நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?”

கடைசி சீட்டில். வேறெங்கே? புது மருமகளின் இடம் அதுதானே. முன்னால் டிரைவரோடு மாமனார், அடுத்து பெரியவர்கள், அப்புறம் ஆம்பிளைகள், பிள்ளைகள். கடைசியில் நான். மடியில் புளிசாத அண்டா, காலுக்கு இடையில் சாம்பார் தூக்கு, முதுகுக்குப் பின்னால் அரிசி மூட்டை. மாமியாருக்குக் காற்று ஆகாது என்று ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சாம்பார் சிந்தக்கூடாதே என்று ஏழு வளைவும் குனிந்து தூக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“அந்த எடத்துல யாரு உக்காந்தாலும் எடுத்திருப்பாங்க அண்ணி” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை இல்லை, ஆத்திரம். அப்ப எனக்கு ஒரு வியாதியும் இல்லையா? பத்தொம்போது வருஷமா நானும் நம்பிட்டேனே! ஒருத்தராவது எடம் மாறி உக்காரும்மான்னு சொல்லலியே! நானும் கேக்கலியே!

ஏரியைச் சாயங்காலம் சுற்றினோம். மிதிக்கிற படகு ஒன்று எடுத்தோம். நட்டநடுவே அல்லி மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

6 செப்டம்பர், சனி

கால் இரண்டும் என்னுடையது போலவே இல்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

காலையில் ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் உச்சிக்கு நடந்தோம். ஆபீஸ் மாடிப்படி வீண்போகவில்லை. உச்சி மொட்டை மாடி மாதிரி பரந்து கிடந்தது. காற்று ஆளைத் தள்ளியது. கீழே மேகம். இரண்டு பேரும் கத்தினோம். இன்னது என்று இல்லை, சும்மா கத்தினோம்.

இறங்கும்போதுதான் என் மண்டைக்கனம் வேலையைக் காட்டியது. உச்சிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர், அங்கிருந்து ஐந்து பத்துக்குக் கடைசி பஸ், அதில் ஏரிக்குத் திரும்புவது என்று திட்டம். காபித் தோட்டத்தில் பனி மூடியது. சூரியன் இல்லை, போனில் சிக்னல் இல்லை. ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. “இதைப் புடிச்சுக்கிட்டே போனா கிழக்கதான் போவும். காரைக்கால்காரிக்குத் தண்ணி தெரியாதா?” என்றேன். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நண்டலாறு எல்லாம் கிழக்கேதானே ஓடுகிறது, கடலுக்கு! அல்லியும் தலையாட்டினாள். அவளும் அதே ஊர்க்காரிதானே. ஒரு மணி நேரத்துக்கு மேல் இறங்கினோம்.

களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் ஊரைக் கேட்டேன். “அது அந்தாண்ட, மேட்டுக்கு மேல. நீங்க ஏன் இங்க வந்தீங்க?”

“தண்ணி கிழக்கதான போவும்னு...”

அந்த அம்மா களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் போவும் கண்ணு.”

மணி மூன்று ஐம்பது. இறங்கின அத்தனையும் ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. “ஏரிக்கா? ஏறுங்க, எறக்கி விடுறேன்” என்றார் ஓட்டுநர். அல்லியின் குதிகாலில் கொப்புளம். ஏறிவிடலாம் என்றுதான் தோன்றியது, யாருக்குத் தெரியப்போகிறது? அல்லியைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். “வேணாங்க, எங்களுக்கு பஸ்ஸு இருக்கு” என்று சொல்லிவிட்டு நானும் பின்னால் போனேன்.

அந்த அம்மா காட்டிய குறுக்கு வழி. கையை ஊன்றி ஏறினோம். நெஞ்சு வெடிக்கும் என்று நினைத்தேன். ஐந்து ஏழுக்கு ஊர், ஐந்து பத்துக்கு பஸ். உட்கார இடமில்லை. பின் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றபடியே எல்லா வளைவையும் கடந்தேன். வயிறு பசித்தது, அவ்வளவுதான்.

அறைக்கு வந்ததும் இவர் போன் செய்தார். நான் செய்யவில்லை, அவர்தான் செய்தார்.

“கார் எடுத்துக்கிட்டு வரவா?”

“உச்சிக்குப் போயிட்டு வந்துட்டோம்.”

“சாப்டியா?” என்றார்.

7 செப்டம்பர், ஞாயிறு

நான்கு பஸ். நான்கிலும் தூங்கினேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

சாப்பிடும்போது இவரிடம் கடைசி சீட்டைப் பற்றிச் சொன்னேன். அண்டா, தூக்கு, மூட்டை, சாத்திய ஜன்னல், எல்லாவற்றையும். நிதானமாகத்தான் சொல்ல நினைத்தேன், பாதியில் குரல் ஏறிவிட்டது. சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார். “எனக்கு அது தோணவே இல்ல சுகிர்தா” என்றார். பத்தொன்பது வருடத்தில் இவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வருவது இதுதான் முதல் தடவை. ரசம் ஊற்றினேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

காலை ஐந்தரை. வாய்க்கால் கரையில் எனக்கு முன்னால் யாரோ திணறித் திணறி நடந்துகொண்டிருந்தார். கிட்டே போனால் இவர். காலில் புது ஷூ, இன்னும் விலை அட்டைகூடக் கிழிக்கவில்லை. என்னைக் கண்டதும் எங்கோ வயலைப் பார்ப்பது போல நின்றார்.

தாண்டிப் போனேன்.

“அடுத்தது எந்த மலை?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “எத்தனை பஸ்ஸு மாறணும்?”

“மொதல்ல மதகு வரைக்கும் வந்து சேருங்க” என்றேன். நடையைக் குறைக்கவில்லை.