நீக்கப்பட்ட அந்த ஒருவர்

அன்பு மகள் பூவிழிக்கு மஸ்கட்டிலிருந்து அப்பா எழுதுவது. நீயும் அம்மாவும் சுகம்தானே? எனக்கு வெட்கம்தான் இன்னும் போகவில்லை.

விவசாயிகள் விதைநெல்லை எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்ற உன் ஆராய்ச்சிக்கு, லீவில் வந்தபோது நம் வயலுக்காக நானும் கேள்வித்தாள் நிரப்பினேனே! ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சம்மதம் என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை போடச் சொன்னதை உனக்குப் போடும் மார்க் என்று நினைத்து, “இந்த விதையை வாங்கவே மாட்டேன்” என்பதற்கும் ஐந்து போட்டேன்.

“உங்க பதில எடுத்துட்டேன்ப்பா, கோவிச்சுக்காதீங்க” என்று பிறகு போனில் சொன்னாய்.

இரண்டு தடவை திருத்தச் சொல்லித் திருப்பியவர்கள் உன் கட்டுரையை இப்போது ஆராய்ச்சி இதழில் போட்டுவிட்டார்கள். நீ போனில் படமெடுத்து அனுப்பிய ‘ஒருவரின் பதில் நீக்கப்பட்டது’ என்ற வரியை அறையில் எல்லோருக்கும் காட்டி, “அந்த ஒருத்தன் நான்தாண்டா!” என்றேன்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் அறைக்காரர் குணசேகரன் இங்கே திரும்பி வரும்போது ஒரு பிரதியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

போனில் சிரித்துவிட்டுச் சொல்லாமல் விட்டது ஒன்று: நம் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், மூன்று என்றே சொல்லம்மா.