கீழே பாடினார்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கிளினிக்கில் நல்ல கூட்டம். ஊசியைப் பார்த்ததும் ஒரு போலீஸ்காரர் மயங்கி விழுந்தார். ஆறடி ஆள். தூக்கிப் படுக்க வைப்பதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் முன்னாள் போர்க் கைதிகள் சங்கத் தலைவர் போன் செய்தார்.

“சிஸ்டர், இந்த மாசம் நாங்க எல்லாரும் அந்த மில்லைப் பாக்கப் போறோம். அந்த நாட்டுக்காரங்களே கூப்பிட்டிருக்காங்க. பஸ்ல ஒரு நர்ஸ் இருந்தா தேவல. எல்லாம் சுகர், பிரஷர் கேசுங்க.”

அந்த மில். போரில் பிடிபட்டவர்களை எதிரிகள் அடைத்து வைத்த பழைய நூற்பாலை. கீழ்த்தளத்தில் இந்தத் தலைவரும் அவருடைய ஆட்களும் கிடந்தார்கள். மேல்தளத்தில் நானும் எங்கள் ஆம்புலன்ஸ் வண்டிக்காரியும் கிடந்தோம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், ‘நீங்களும் இருந்த இடமாச்சே, வாங்க’ என்று சொல்லவில்லை. பிரஷர் பார்க்கக் கூப்பிடுகிறார். என்ன நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும் இந்த மனிதருக்கு.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மீதி ஊசிகளை என்னோடு வேலை செய்யும் பெண்தான் போட்டாள்.

மார்ச் 5, புதன்

மனசு ஆறவில்லை. எழுதியாவது தொலைக்கிறேன்.

வண்டிக்காரி எங்கள் போர்முனை ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர். வாய் ஓயாது. கியர் மாற்றும்போதெல்லாம் வண்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாள். பின்னால் படுத்திருக்கும் காயக்காரன் வலியை மறந்து சிரிப்பான். ஆஸ்பத்திரி எதிரி கையில் விழுந்த அன்று இருவரும் ஒன்றாகப் பிடிபட்டோம். அந்த மேல்தளத்தில் ஒரே கம்பளியில் படுத்தோம். குளிர்காய்ச்சல் வந்து அங்கேயே செத்தாள். என் மடியில்.

ராணுவம் அவள் வீட்டுக்கு என்ன சொன்னது? வேலையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று. ஏனென்றால் விடுதலையாகி வந்த ஆண்கள் அத்தனை பேரும் விசாரணையில் ஒரே குரலாகச் சொன்னார்கள்: அந்த மில்லில் பெண்களே இல்லை. நான் இருந்தேனே ஐயா, நான் என்ன பேயா? நான் வேறெங்கோ ஒளிந்திருந்துவிட்டு வந்தேன், அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

அவளுடைய அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். இரண்டு தடவை போய்ச் சொல்லிப் பார்த்தேன். “ஓடிப்போனவளுக்கு நீ வக்காலத்தா? அத்தனை பேரும் பொய் சொல்றாங்க, நீ ஒருத்திதான் உத்தமியா?” என்று கத்தரிக்கோலால் மேஜையில் அடித்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஓடிப்போனவளின் அக்கா என்று ஊர் அவரை என்ன பாடு படுத்தியிருக்கும்.

அந்த ஆண்களில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும். ஒரே ஒருவர்.

மார்ச் 7, வெள்ளி

மகள் போக வேண்டாம் என்கிறாள். “அவங்க பிரஷரை நீ பாப்ப. உன் பிரஷரை யாரும்மா பாப்பாங்க?” கேள்வி நியாயம்தான்.

இவளுக்கே காலேஜ் போகிற வயதில்தான் விஷயம் தெரியும். என் மாமியார் கல்யாணத்தின்போதே, நான் மில்லில் கிடந்த அந்தப் பதினாலு மாதத்தை ‘வெளியூரில் வேலை’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்துவிட்டார். கடைசிவரை மாற்றவில்லை. ஜெயிலுக்கு மாமியார் வீடு என்று பெயர் வைத்தவன் எவனோ, இரண்டிலும் இருந்து பார்த்திருக்க மாட்டான். நான் இருந்திருக்கிறேன். ஜெயிலில் காவல்காரனுக்கு ஷிப்டாவது முடியும்.

“அங்க உன்னை ஏதாவது பண்ணாங்களாம்மா?” அன்றும் இதைத்தான் கேட்டாள், இன்றும் சுற்றி வளைத்து அதையேதான் கேட்கிறாள். எல்லாருக்கும் அந்த ஒரு கேள்விதான். பசித்ததா என்று கேட்டதில்லை. கூட இருந்தவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டதில்லை. இவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

சங்கத்துக்கே போய்விட்டேன். தலைவர் பழைய சிப்பாய், இப்போது இரும்புக்கடை முதலாளி. நாற்காலி போட்டார், டீ சொன்னார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. நேராகவே கேட்டேன். அங்கே எல்லார் முன்னாலும், மேலே இரண்டு பெண்கள் இருந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்வீர்களா?

டீ கிளாஸையே பார்த்தார். “எதுக்கு சிஸ்டர் பழசைக் கிளறணும்? உங்களுக்குப் பொண்ணு இருக்கு. நாளைக்கு அதுக்குப் பிள்ளைங்க பொறக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“செத்தவளுக்கு என்னய்யா நல்லது?”

“அந்தப் பொண்ணு நல்லதுக்கும்தான்.”

அவள் காய்ச்சலில் எப்படித் துடித்தாள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “வேண்டாம் சிஸ்டர். அதையெல்லாம் நீங்க உங்க வாயால சொல்லக் கூடாது.” எப்போது எடுத்தாலும் இதே கும்பிடுதான். முப்பது வருஷமாக ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை.

பக்கத்தில் மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். படையில் முடி வெட்டியவர். எங்களுக்குப் பேன் பிடித்தபோது காவலர்கள் உத்தரவில் மேலே வந்து மொட்டை அடித்தவரே அவர்தான். அவரும் பெண்களே இல்லை என்றுதான் விசாரணையில் சொன்னார். பின்னே நீர் யாருக்கய்யா மொட்டை அடித்தீர்? டீயைத் தொடாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

போகிறேன். நர்ஸாகவே போகிறேன். வாயைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பஸ்ஸில் ஏறியதும் ஆளுக்கோர் அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். எல்லாருக்கும் ‘முன்னாள் போர்க் கைதி’. எனக்கு ‘மருத்துவ உதவி’.

பாதி வழியில் பாட்டு ஒத்திகை. இந்தப் பாட்டு இப்போது பெரிய கதையாகிவிட்டது. பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு வந்து, மனத் தெம்பு குறையாமல் இருக்க மாலையில் பாடினார்களாம். பத்திரிகையெல்லாம் எழுதியது. நாளைக்கு அதே இடத்தில் நின்று மறுபடி பாடப் போகிறார்கள். கையில் பிரஷர் பட்டையைக் கட்டியிருக்கும்போதே ஒருவர் ராகம் இழுத்தார். “பிரஷர் பாக்கறப்போ பேசக் கூடாது, பாடவும் கூடாது” என்றேன். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அந்தப் பாட்டை மேலே இருந்து கேட்டவள் நான். அவளுக்குக் காய்ச்சல் ஏறிய அந்த மூன்று மாலைகளும். காய்ச்சல் மாத்திரை கீழே இருந்தது; இவர்களோடு பிடிபட்ட எங்கள் டாக்டரிடம். மேலே காவலுக்கு இருந்தவனே சொன்னான், வேண்டுமென்றால் கத்திக் கேள், நான் போய் வாங்கி வர மாட்டேன் என்று. ஆண்கள் வேலை முடிந்து வந்ததும் பலகைத் தரையை உதைத்துக் கத்தினேன். நான் வாயைத் திறக்க வேண்டியதுதான், கீழே பாட்டு தொடங்கிவிடும். நான் கத்தக் கத்தப் பாட்டும் ஏறும். பலகை இடுக்கில் ஒரு மாத்திரையைக் குச்சியால் தள்ளியிருக்கலாம். அவ்வளவு பக்கம்.

ஏன்டா பாடினீங்க? எத்தனை தடவ கேட்டாச்சு. மனத் தெம்புக்குத்தான் சிஸ்டர், மனத் தெம்புக்குத்தான் சிஸ்டர். உங்க தெம்புல இடி விழ.

மார்ச் 22, சனி

மில்லுக்கு வெள்ளையடித்து நினைவகம் ஆக்கியிருக்கிறார்கள். வழிகாட்ட வந்தவள் சின்னப் பெண். நம் மொழியைப் படித்துக் கற்றவள் போல, புத்தகம் மாதிரி பேசினாள். “இவ்விடத்தில்தான் வீரர்கள் மாலைதோறும் பாடினார்கள்.” இவர்கள் வரிசையாக நின்று பாடினார்கள். வந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும், “மேலே சிற்றுண்டிக்கூடம் உள்ளது, அனைவரும் வரலாம்” என்றாள்.

மேலே. சிற்றுண்டிக்கூடம்.

காபி இயந்திரம், பூப்போட்ட மேஜை விரிப்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் கேக். பலகைத் தரையை மட்டும் மாற்றவில்லை, பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கீழே, எங்கள் கம்பளி கிடந்த இடத்தில் ஒரு மேஜை. அதில் தலைவர் உட்கார்ந்து காபி கலக்கிக்கொண்டிருந்தார்.

“எழுந்திரிங்க” என்றேன்.

“ஒரே ஒரு ஸ்பூன் சக்கரதான் சிஸ்டர்.”

“அவ செத்த எடத்துல உக்காந்திருக்கீங்க. எழுந்திரிங்க.”

வழிகாட்டும் பெண் ஓடி வந்து, “இங்கே பெண்கள் எவரும் சிறை வைக்கப்படவில்லையே, அம்மா” என்றாள். பாவம், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நான் மேஜையைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்தேனோ தெரியவில்லை.

“எழுந்திரும்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்றார் தலைவர்.

“பாக்கட்டும். நான் கத்துனப்போ எல்லாம் ஏன் பாடினீங்க? தெம்பு கிம்புன்னு சொன்னீங்கன்னா, இங்கேயே கிடப்பேன்.”

அவர் சுவரைப் பார்த்தார். மீசைக்காரர்தான் எழுந்து வந்தார். “சொல்லித் தொலைங்க தலைவரே. இல்லன்னா நான் சொல்லிடுவேன்.” மீசைக்காரர் என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“மேல அவனுங்க உங்களை... என்னமோ பண்றானுங்கன்னு நெனச்சோம் சிஸ்டர். எங்களால தடுக்க முடியல. அதைக் காதால வேற கேக்கணுமா? நாளைக்கு உங்க மொகத்தை எப்படிப் பாக்குறது? அதான் பாடினோம். உங்க மானத்துக்காகத்தான் பாடினோம். அந்தப் பொண்ணை நானும் தலைவரும்தான் தூக்கிட்டுப் போய்ப் பொதச்சோம். அவனுங்க பண்ணதுலதான் செத்துச்சுன்னு நெனச்சோம். வீட்டுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னு, பொம்பளைங்களே இல்லன்னு எல்லாரும் பேசி வச்சுச் சொல்லிட்டோம்.”

“மாத்திரை கேட்டேன்யா.”

மறுபடி சொன்னேன். “காய்ச்சல் மாத்திரை கேட்டேன். டாக்டர்கிட்ட இருந்த மாத்திரை.”

தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “டாக்டர்கிட்ட டப்பா நெறைய இருந்துச்சே” என்றார். யாரிடமும் சொல்லவில்லை, அவராகவே சொன்னார்.

அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். காவலுக்கு இருந்தவன் எதிரி, எதிரியாக நடந்துகொண்டான். இவர்கள் மரியாதைக்காரர்கள். மரியாதையாகவே அவளைக் கொன்றார்கள், மரியாதையாகவே ஓடுகாலி ஆக்கினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்ல வந்தால் கும்பிட்டார்கள். பஸ் ஹாரன் அடித்தபோதுதான் எழுந்தேன். அந்தச் சின்னப் பெண் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

திரும்பும் வழியில் யாரும் பாடவில்லை. எல்லாருக்கும் பிரஷர் பார்த்தேன். தலைவருக்கும் பார்த்தேன். எகிறிக் கிடந்தது. மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். அது என் வேலை. கையில் வாங்கிக்கொண்டு விழுங்காமல் அழுதார். அழட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தாக வேண்டும் என்று சட்டமா?

மார்ச் 27, வியாழன்

மீசைக்காரர் போன். தலைவர் வந்ததிலிருந்து கடையைத் திறக்கவில்லையாம். கடையைத் திறக்க வேண்டாம், வாயைத் திறக்கச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

ஊசிக்கு வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை. முறை வந்து உள்ளே வந்ததும், “எனக்கு ஊசி வேண்டாம்” என்றார். வண்டிக்காரியின் அக்கா.

“உங்க தலைவர் கடைக்கு வந்தாரு. எல்லாத்தையும் சொன்னாரு. நின்னுக்கிட்டேதான் சொன்னாரு, நான் உக்காரச் சொல்லல.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். கை விரலில் தையல் ஊசி குத்திய தழும்புகள். அவற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“இத்தனை வருஷமா அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். துணி வெட்டும்போது, துவைக்கும்போது, சும்மா இருக்கும்போதுகூட. இனிமே யாரைத் திட்டுறது நான்?”

“இரும்புக்கடை எங்க இருக்குன்னு தெரியும்ல?” என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். வெளியே ஊசிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கதவைச் சாத்தினேன். கடைசியில் என்ன பேசினாள் என்று கேட்டார். தலை அரிக்கிறது, சொறிந்துவிடு என்றாள். மொட்டைத் தலையில் என்னடி அரிப்பு என்று கேட்டேன். இருக்குடி, நீ சொறி என்றாள். அவ்வளவுதான் அக்கா, வேறொன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

ராணுவ அலுவலகம், அவள் மேல் எழுதி வைத்த பழியைத் திருத்தச் சொல்லி. அக்கா, நான், மீசைக்காரர். தலைவர் எங்களுக்கு முன்பே, சலவைச் சட்டையும் பதக்கமுமாக வந்து நின்றிருந்தார். அதிகாரி இளவயதுக்காரர். நால்வரையும் உட்கார வைத்துவிட்டு, யார் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

அக்கா கையை நீட்டி மறித்தார். “நீங்க இருங்க. மொதல்ல இவ சொல்லட்டும். இவ முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினேன். யாரும் வாயைத் திறக்கவில்லை.