நாற்றம் நின்ற பிறகு

கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய வந்தவரை நான் கைத்தடியால் அடித்து விரட்டினேன் என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு கோட்டுச்சேரி வரை போய்விட்டது. அது பொய். என்னிடம் கைத்தடியே கிடையாது. தொட்டியின் வாயருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன், எழுந்திருக்க மறுத்தேன். அவ்வளவுதான். ஏன் மறுத்தேன் என்பது உனக்குத்தான் புரியும். நீயோ இல்லை. நீ போய்விட்டாய் என்று பிரான்சிலிருந்து உன் மகள் எழுதிய நான்கு வரி போன மாதம் வந்தது.

அன்று மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். மாடியில் குடியிருப்பவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நாம் படித்த கான்வென்ட் ஆய்வுக்கூடத்தின் பின்னறை அப்படியே எதிரே வந்துவிட்டது.

உனக்குக் கந்தகம் என்றால் உயிர். கட்டியாக இருக்கையில் நல்ல மஞ்சள், முகர்ந்தால் சொல்லும்படி வாசனை இராது. சூடாக்கினால் தேன் நிறத்தில் உருகும். இன்னும் சூடாக்கினால் இளகுவதற்குப் பதில் சிவந்து கெட்டிப்படும். "நம்ம சிஸ்டர் மாதிரிடி, சூடேற ஏற இறுகுது" என்றாய். இரும்புத்தூளோடு சேர்த்துச் சுட்டால் கறுத்துவிடும், பிறகு காந்தம் அதை இழுக்காது. அந்தக் கறுப்பின்மேல் அமிலம் ஊற்றினால் முட்டை நாற்றம் கிளம்பும். நீ செய்வாய், நான் குறிப்பேட்டில் அழகாக எழுதுவேன். சிஸ்டர் சொன்னதையும் எழுதியிருந்தேன்: "நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நம்பாதீர்கள். மூக்கு மரத்திருக்கும்."

என் கையால் எழுதியிருந்தேன். அதைத்தான் தாண்ட முடியவில்லை. இந்தக் கடிதத்தை நான்காவது முறையாகத் தொடங்கியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் எழுந்து போய்விடுகிறேன்.

அன்று பின்னறையில் அந்த முட்டை நாற்ற வாயு வரும் குழாயின் திருகை நான்தான் சரியாக மூடவில்லை. வாசலிலேயே நின்றதில் என் மூக்கு மரத்துவிட்டது. நீ வெளியிலிருந்து வந்து, "உள்ள போலாமா?" என்று கேட்டாய்.

"நாத்தம் போயிடுச்சுடி, போ."

நீ விழுந்த சத்தம்தான் அடுத்துக் கேட்டது. உன்னை இழுத்துவந்து வராந்தாவில் கிடத்தினார்கள். அந்த வாயு பட்டு உன் வெள்ளிக் கொலுசு மங்கிக் கறுத்திருந்தது. யார் உள்ளே போகச் சொன்னது என்று சிஸ்டர் கேட்டார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன், சிஸ்டர்."

நீ கண்ணைத் திறந்துவிட்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். மறுவாரம் உன்னை வரலாற்றுப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேதியியல் பரிசு எனக்குக் கிடைத்தது. கல்யாணமாகிப் பிரான்சு போன பிறகும் நீ எழுதினாய். பனியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, அங்கே கிடைக்காத முருங்கைக்கீரையைப் பற்றி. இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை. தினமும் தபாலாபீசைக் கடந்துதான் போனேன்.

கழிவு உறிஞ்சும் லாரிக்குச் சொல்லாமல் மாடிக்காரர் கூட்டிவந்த அந்த மனிதர், மூடியைத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே குந்தியிருந்தார். சற்று நேரத்தில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, "நாத்தம் போயிடுச்சும்மா, எறங்கிடுறேன்" என்றார். அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எழுந்திரிங்கம்மா. இன்னொரு வீட்டு வேலை கெடக்கு."

"அந்த வீட்டுக்கு நீங்க உசுரோட போவணும்ல. அந்த வாயு காத்தவிட கனம், பள்ளத்துலயே தங்கும்."

"இருவது வருஷமா எறங்குறேன். எனக்குத் தெரியாததா?"

மாடிப் பெண்ணை அனுப்பி என் குங்குமச் சிமிழை எடுத்துவரச் சொன்னேன். வெள்ளி. என் கணவர் போன பிறகு அதற்கு வேலையில்லை, ஆனாலும் வாரம் தவறாமல் துலக்கி வைப்பேன். தண்ணீரில் நனைத்து, நூலில் கட்டி, தொட்டிக்குள் இறக்கினேன்.

"என்னம்மா, மீன் புடிக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

பத்து நிமிஷம் கழித்து மேலே இழுத்தேன். கறுத்திருந்தது. அவர் அதை வாங்கி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கறுப்பு போகவில்லை. "நல்ல வெள்ளிய இப்புடிப் பாழாக்கிட்டீங்களே" என்றார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். சாயங்காலம் லாரி வந்து குழாயைப் போட்டு உறிஞ்சிக்கொண்டு போயிற்று.

ஒருவரை நிறுத்தியதால் உனக்குச் செய்தது நேராகிவிடாது. எனக்கு அது தெரியும். சிமிழை இன்னும் துலக்கவில்லை, மேசைமேல் கறுப்பாகவே இருக்கிறது. போகிறபோதும் வருகிறபோதும் கையில் எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன்.

இந்த உறையைப் பிரிப்பது உன் மகளாகத்தான் இருக்கும். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ஆகவே அவளையே கேட்கிறேன்.

மகளே, வேதியியலை விட்டது ஏன் என்று உன் அம்மா எப்போதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால், என் பெயரைச் சொன்னாளா? நீ பிரெஞ்சிலேயே எழுதலாம், எனக்கு நன்றாகப் படிக்க வரும். போனில் சொல்ல வேண்டாம். எழுதி அனுப்பு.