நீ சலித்துக் கொடுத்த யூரியா

அக்கா,

இன்று காலை ஆய்வகத்தில் யூரியாவை வெந்நீரில் கரைத்துக்கொண்டிருந்தேன். நெடி மூக்கில் ஏறியதும், சம்பாவுக்கு மேலுரம் போட்டுவிட்டு வந்து நிற்கும் உன் கை வாசனை வந்துவிட்டது. வேலையை அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எலும்புக்கு வைக்கும் உலோகத்தில் யூரியா சேர்ப்போம் என்று முதல் தடவை சொன்னபோது எப்படிச் சிரித்தாய்! "வயலுக்குப் போடுறதையாடி எலும்புக்குப் போடுறீங்க? தஞ்சாவூர்ல போயி படிச்சுக் கிழிச்சது இதுதானா?" டைட்டானியத் தூளில் யூரியா மணிகளைக் கலந்து அழுத்துவோம், அப்புறம் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுவோம், அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும், காற்றில்லாத உலையில் சுட்டால் துளைகளோடு இறுகிவிடும் என்றேன். அந்தத் துளைக்குள் எலும்பு வளர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்றதும் சிரிப்பை நிறுத்தினாய். உன் கை இடுப்புக்குப் போனது.

நாற்றுக்கட்டோடு வரப்பில் வழுக்கி விழுந்து உடைந்த இடுப்பு. அதில் வைத்த உலோகம் வழவழப்பான பழைய வகை. சில வருடத்திலேயே எலும்பை விட்டு ஆட ஆரம்பித்துவிட்டது. எழுந்து நிற்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாய். தேய்ந்த எலும்பில் இதே மாதிரி இன்னொன்று வைத்தாலும் பிடிக்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"நீ செய்யுறதுல ஒண்ணை எனக்கு வச்சுவிடேன்" என்றாய். முதலில் முயலுக்கு வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கே அனுமதி வர வேண்டும், மனிதருக்கு வர வருடக்கணக்காகும் என்றேன்.

"முயலுக்குக் குடுக்குறத எனக்குக் குடுத்தா என்னடி? முயலவிடக் கேவலமாப் போயிட்டேனா நான்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

வயலில் இறங்க முடியாமல் போன அந்தப் பருவத்தில், கட்டிலில் உட்கார்ந்தபடி ரவை சல்லடையில் யூரியாவைச் சலித்து, ஒரே அளவு மணியாக டிபன் டப்பா நிறையக் கொடுத்தனுப்பினாய். மணி எவ்வளவோ அவ்வளவுதான் துளை என்று நான் எப்போதோ சொன்னதை மறக்கவில்லை நீ. ஆய்வகத்தில் யூரியா தீர்ந்திருந்த வாரம் அது. ஒரு துண்டுதானே என்று உன்னுடையதைப் போட்டேன். வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும். மூட்டையிலேயே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அது ஞாபகம் வரவில்லை, பார். எண்ணெய் தண்ணீரில் கரையாமல் தங்கி, உலையில் கரியாகி, உலோகத்தில் ஏறிவிட்டது. அழுத்திப் பார்த்தேன். முறுக்கு மாதிரி உடைந்தது.

அன்று சாயங்காலமே போன் செய்தாய். "எப்படிடி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்குக்கா."

"அப்ப சீக்கிரம் ஆயிடும்ல?"

"ஆயிடும்க்கா."

அந்தப் பொய்யை நம்பித்தான் படுக்கையில் காத்திருந்தாய். படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, ஐப்பசி மழையில் போய்விட்டாய். இத்தனை படித்து நான் செய்ததெல்லாம் உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான்.

எலும்பு பொறுக்கப் போன அத்தான், சாம்பலில் கிடந்த உன் இடுப்பு உலோகத்தையும் எடுத்து வந்தார். "இதையும் ஆத்துல விட்டுடலாமாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கருத்திருந்தது. எங்கேயும் எலும்பு பிடித்த தடமே இல்லை.

என் மேசை இழுப்பறையில் அதுவும், உன் யூரியாவில் செய்து உடைந்த துண்டும் இருக்கின்றன. எந்த ஊருக்கு மாறிப் போனாலும் கூடவே வரும்.

நேற்று அனுமதி வந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். காலையில் யூரியாவைக் கரைத்துக்கொண்டிருந்தது அதற்கான முதல் துண்டிலிருந்து. முயலுக்குத்தான், அக்கா. உனக்கில்லை.